முப்பது வருடக் கப்பல்தலைவிக்கு எட்டு உயிர்ப்புள்ளி

வெளியூர்க்காரர் மன்னாருக்கு வந்தால் கழுதையைக் கண்டதும் பிறேக் பிடிப்பார்கள். அதை வைத்தே அவர்கள் வெளியூர் என்று நாங்கள் கண்டுகொள்வோம். உள்ளூர்க்காரர் பிடிக்க மாட்டோம். நடு ரோட்டில் கழுதை நிற்கிறது என்றால் அது நிற்கும். ஹோர்ன் அடித்தாலும் காதைக்கூடத் திருப்பாது. அதன் வால் பக்கமாக வளைத்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே போய்விட வேண்டும். இருபத்திரண்டு வருடம் ஸ்கூட்டர் ஓடி நான் தேடிய அறிவு இது.

பங்குனி மாதம் ஒரு காலையில், நான் அப்படி வால் பக்கமாக வளைத்த அதே நொடியில், கழுதை பின்னுக்கு நடந்தது.

கழுதை பின்னுக்கு நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டே அடிதான் வைத்தது. எனக்கு இடது மணிக்கட்டு உடைந்தது. ஸ்கூட்டருக்கு முன் லைற்றும் ஒரு பக்கத் தகடும் போயின. கழுதைக்கு ஒன்றுமில்லை. விழுந்து கிடந்த என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, ரோட்டோரம் கிடந்த மட்டைப் பெட்டியொன்றைத் தின்னப் போய்விட்டது. இதை எழுதும்போதும் என் உள்ளங்கை வியர்க்கிறது. சிரிக்கிற விஷயம் என்று எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

நான் வங்காலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். வீடு மன்னார் டவுணில், அதாவது தீவில். இரண்டுக்கும் நடுவில் கடலுக்கு மேலால் நீளமான பாலம். காலை பஸ் பள்ளிக்கூட வாசலுக்கு வரும்போது ஏழு நாற்பது. வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுவது ஏழரைக்கு. என் கணவருக்கு வேலை தலைமன்னார்ப் பக்கம், நேர் எதிர்த் திசை. ஆகவே உடைந்த கைக்கு ஆஸ்பத்திரியில் மாக்கட்டுப் போட்ட பிறகு என்னை ஏற்றிக்கொண்டு போனது மகள்தான். ஏஎல் பரீட்சை எழுதி, கம்பஸ் அனுமதிக் கடிதத்துக்காக வீட்டில் காத்திருந்த இருபது வயதுப் பிள்ளை. திருத்தி வந்த ஸ்கூட்டரில் அவள் முன்னால், நான் பின்னால். பாலம் முழுக்க நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை சொல்லுவேன். அவளின் வேகத்தில் பாலம் முடியச் சரியாகப் பத்து ஜெபமணி.

சனிக்கிழமை பின்னேரங்களில் மகள் ஒரு விளையாட்டு நடத்துவாள். பலகையும் இல்லை, காயும் இல்லை. ஆளுக்கொரு வீரர் வேஷம் எடுத்துக்கொண்டு கதையாகவே பேசி விளையாடுவது. சண்டை வந்தால் இருபது பக்கம் உள்ள ஒரு தாயக்கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள். மகள் கதையை நடத்துகிறவள். அவளின் கூட்டாளிகள் இருவர் போனில் வருவார்கள். போனைச் சுடுதண்ணிப் போத்தலில் சாய்த்து வைத்திருப்பாள். ஒருத்தி வங்காலைக்காரி, என் பழைய மாணவி. மற்றவள் முள்ளிக்குளத்துப் பிள்ளை. அங்கே சிக்னல் வந்து வந்து போகும். அதனால் அவளின் வீரர் முக்கியமான கட்டங்களில் அசையாமல் நிற்பார். மூன்றாவதாக விளையாடியவள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

"அம்மா, கையில மாவைக் கட்டிக்கொண்டு சும்மாதானே இருக்கிறீங்கள். வந்து இருங்கோவன்," என்றாள்.

சனிக்கிழமைகளில் இந்தப் பிள்ளை இரண்டரை மணித்தியாலம் யாரோடு என்ன பேசுகிறாள் என்பது எனக்கு நெடுநாள் கவலை. உடனே போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

உங்கள் வீரரைப் பற்றி நாலு வரி எழுதுங்கோ என்றாள். நான் தமிழ் ஆசிரியை. அப்பியாசக் கொப்பியில் மூன்று பக்கம் எழுதினேன். முப்பது வருடம் கப்பல் ஓட்டிய தலைவி. ஏழு புயல் கண்டவள். நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்லுவாள். கடற்கொள்ளையர் அவளின் பெயரைக் கேட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். மகள் முழுவதையும் வாசித்தாள். ஒரு எழுத்துப் பிழையையும் காட்டினாள். பிறகு தாளின் மேல் மூலையில் எழுதினாள்: லெவல் 1. உயிர்ப்புள்ளி 8. ஆயுதம்: சின்னக் கத்தி.

"எட்டோ?"

"ஓம். எல்லாரும் அப்பிடித்தான் தொடங்குறது."

"முப்பது வருசம் கடலில கிடந்தவளுக்கும் நேற்று வந்தவளுக்கும் ஒரே எட்டோ? இது என்னடி நியாயம்?"

"அம்மா, முதல் நாளே எல்லாரையும் வெட்டி விழுத்தினா மிச்சச் சனிக்கிழமைக்கு என்ன செய்யிறது?"

"அப்ப அவளின்ர அனுபவம்?"

"நீங்கள் எழுதினது பழைய கதை. மேசைக்கு வந்த பிறகு நடக்கிறதுக்குத்தான் புள்ளி."

நான் விடவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அனுபவச் சான்றிதழ் எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்டேன். அப்போது போத்தலோடு சாய்ந்திருந்த போனிலிருந்து வங்காலைக்காரி பேசினாள்.

"ரீச்சர், ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது. நீங்கள் எங்கட பள்ளிக்கு மாற்றலாகி வரேக்க எத்தினை வருசம் படிப்பிச்சிருந்தனீங்கள்?"

"பன்னிரண்டு."

"வந்த உடன உங்களுக்கு என்ன வகுப்புக் குடுத்தவை?"

நான் கொப்பியின் மட்டையைச் சரிசெய்தேன்.

"ஒன்பது சி," என்றாள் அவளே. "கடைசிப் பாடம். வெள்ளிக்கிழமையும் கடைசிப் பாடம். நான் அந்த வகுப்பில இருந்தனான். நூலகப் பூட்டுத் திறப்பையும் உங்கட கையிலதானே தந்தவை."

உண்மைதான். அந்த நூலகத்தில் அப்போது புத்தகத்தைவிடக் கறையான் அதிகம். பன்னிரண்டு வருட அனுபவத்தோடு நான் அங்கே செய்த முதல் வேலை மண்ணெண்ணெய் பூசியது.

இதை யோசிக்க யோசிக்க அது ஒன்றும் புதுமையில்லை என்று பட்டது. எங்கள் பக்கத்தில் இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரராக சண்டைக் காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள் ஒரு தறப்பாள் கூடாரத்தோடு திரும்பி வந்தார்கள். வந்து, நேற்றுக் கடலுக்கு வந்தவனோடு கூலிக்கு வலை இழுத்தார்கள். கடல் அவர்களுக்குத் தெரியும். கையில் இருந்ததுதான் எட்டுப் புள்ளி. அந்த ஆட்களிடம் போய் லெவல் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

இருந்தாலும் முதல் சண்டையில் நான் அவமானப்பட்டேன். ஒரு சத்திரத்தின் நிலவறையில் நண்டு. ஆள் உயர நண்டும் இல்லை, ஒரு ஆட்டுக்குட்டி அளவு நண்டு. மன்னாரில் பிறந்து வளர்ந்தவள் நான், நண்டை எங்கே பிடிப்பது என்று எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பின்பக்கத்தால் போய் ஓட்டோடு அமத்துகிறேன் என்றேன். கட்டையை உருட்டினேன். இரண்டு விழுந்தது.

"நண்டு திரும்பீட்டுது," என்றாள் மகள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "உங்களுக்கு ஏழு புள்ளி போச்சு."

ஏழு புயல் கண்டவள் ஒரு புள்ளியோடு நிலவறைத் தரையில் கிடந்தாள். முள்ளிக்குளத்து வீரர் வாளை ஓங்கியபடி சிக்னல் இல்லாமல் நின்றார்.

"ரீச்சர், அசையாதேங்கோ. நான் மருந்து கட்டுறன்," என்றாள் வங்காலைக்காரி. அவள் அந்தக் கதையில் வைத்தியர். ஒன்பதாம் வகுப்பில் அவளின் கட்டுரைக்கு நான் முப்பத்தெட்டு மார்க்ஸ் போட்டிருந்தேன். அவள் அதை மறக்கவில்லை என்பது மருந்து கட்டிய விதத்தில் தெரிந்தது. என் காயத்தைக் கட்டி முடித்ததும், "முன்னுரை, உடல், முடிவுரை மூண்டும் சரியா வந்திருக்கு ரீச்சர்," என்றாள்.

வைகாசியில் மாக்கட்டை வெட்டினார்கள். கை நன்றாகப் பொருந்திவிட்டது, இனி ஸ்கூட்டர் ஓடலாம் என்றார் டொக்டர். நான் ஓடவில்லை. அதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. மெக்கானிக் முன் மட்காட்டைச் சரியாகப் பூட்டவில்லை, ஒரு கிறீச் சத்தம் வருகிறது. சோளகக் காற்று தொடங்கிவிட்டது, பாலத்தில் குறுக்குக் காற்று ஆளைத் தூக்கும். முழங்காலில் ஒரு பிடிப்பு. மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்திருக்கிறேன், அது முடியட்டும்.

ஸ்கூட்டரைக் கொண்டுபோய்ப் பங்குச் சுவாமியிடம் மந்திரிக்கவும் செய்தேன். அவர் தீர்த்தம் தெளித்தார். எனக்கும் கொஞ்சம் தெளியுங்கோ சுவாமி என்றேன்.

"உங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சு ரீச்சர். அது ஒருக்காத்தான்," என்றார்.

ஆடியில் கம்பஸ் கடிதம் வந்தது. யாழ்ப்பாணம். ஆறு கிழமையில் போய்ப் பதிய வேண்டும், விடுதியும் கிடைத்திருக்கிறது. வீட்டில் பாயாசம் வைத்தோம். மகள் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "அப்ப உங்களை ஆர் பள்ளிக்குக் கொண்டுபோறது?" என்று கேட்டாள். நான் ஓடுவன்தானே என்றேன். என் கணவர் பாயாசத்தைப் பார்த்துக்கொண்டு, "இஞ்சரும், கண்ணைத் திறந்துகொண்டு ஓட வேணும்," என்றார்.

அந்தச் சமயம் கதையில் நாங்கள் ஒரு துறைமுகத்துக்கு வந்திருந்தோம். கடலைக் கடந்து எதிர்க்கரைக்குப் போக வேண்டும். கப்பல் ஒன்று தயாராக நின்றது. அதை ஓட்டத் தெரிந்தவள் கூட்டத்தில் ஒரே ஒருத்தி. மற்ற இருவரும் எவ்வளவோ ஆசையோடு என்னைப் பார்த்தார்கள், போனில் பார்க்கக்கூடிய அளவுக்கு.

நான் முதல் சனிக்கிழமை, கப்பலைப் பார்வையிட்டு, முன்பலகை ஒன்று சரியாகப் பொருந்தவில்லை என்றேன். தச்சனைத் தேடினோம். அடுத்த சனிக்கிழமை காற்று சரியில்லை என்றேன். மகள் கட்டையை உருட்டி, காற்று நல்லாத்தான் இருக்கு என்றாள். முப்பது வருடம் ஓட்டியவளுக்குத் தெரியாத காற்றா என்று கேட்டேன். மூன்றாவது சனிக்கிழமை தலைவிக்கு முழங்காலில் பிடிப்பு வந்தது.

"ரீச்சர், மூண்டு கிழமையா நாங்கள் துறைமுகத்தில சோறு திண்டுகொண்டு இருக்கிறம்," என்றாள் வைத்தியர்.

"நான் பொரிச்ச மீனும் வாங்கீட்டன்," என்றாள் முள்ளிக்குளத்துப் பிள்ளை. அன்றைக்கென்று சிக்னல் நன்றாக இருந்தது.

"முழங்காலுக்கு நான் மருந்து கட்டுறன். ஏறுங்கோ."

"இல்லை," என்றேன். "தலைவி ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறா. அது முடியாமல் கப்பல் ஏறக் கூடாது."

மகள் கொப்பியை மூடினாள்.

"மட்காட், காற்று, முழங்கால், நேர்த்தி," என்றாள் மெதுவாக. "அம்மா, கதையில எண்டாலும் புதுசா ஒரு காரணம் சொல்லியிருக்கலாமே."

எனக்கு முகம் சுட்டது. நான் உண்மையில் கவனிக்கவே இல்லை. அந்தத் தலைவி வேறு ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்டைக்கு ஏன் லெவல் வன் எண்டு கேட்டனீங்களெல்லோ. பெரிய ஆக்கள் அப்பிடி வாறதுக்குக் காரணம் இருக்கும். என்னவோ நடந்திருக்கும் அவைக்கு. ஓட்டத் தெரியும், ஆனா ஏற ஏலாது. அதுக்கு ஒரு வெக்கமும் இல்லை. எட்டுப் புள்ளி எண்டு எழுதிப்போட்டு எட்டில இருந்து ஓடோணும். நீங்கள் எட்டு எண்டு எழுதவே விடுறீங்கள் இல்லை." பிறகு சாதாரணக் குரலில், "நான் இந்த வருசம் போகேல்லை. அடுத்த வருசத்துக்குத் தள்ளித் தரச் சொல்லிக் கடிதம் எழுதப்போறன்," என்றாள்.

நான் அழுதேன், கத்தினேன், அவளின் அப்பாவைக் கூப்பிட்டேன். ஏஎல்லுக்கு அவள் இருந்து படித்த நாட்களில் பக்கத்தில் விழித்திருந்து தேத்தண்ணி ஊற்றியவள் நான். ஒரு கழுதை இரண்டடி பின்னுக்கு வைத்ததற்காக அந்தப் படிப்பெல்லாம் ஒரு வருடம் பின்னுக்குப் போவதா? ஒரு வருடம் தள்ளினால் அடுத்த வருடம் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் காலத்தில் அடுத்த வருடம் என்று விட்டவை எவையும் அடுத்த வருடம் இருந்த இடத்தில் இருக்கவில்லை. அவள் அசையவில்லை. என்னிடமிருந்து எடுத்த பிடிவாதம். கடைசியில் ஒரு ஒப்பந்தம் செய்தோம். நான் தனியாகப் பாலத்தைக் கடந்து காட்டினால் அவள் போவாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்து பார்க்கிறேன், ஸ்கூட்டரின் முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் எல் மட்டை தொங்குகிறது. சப்பாத்து நூலால் கட்டியிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் உள்ள வெறும் காணியில் பத்துச் சுற்று. எனக்கு லைசென்ஸ் கிடைத்தபோது இந்தப் பிள்ளை பிறந்திருக்கவேயில்லை. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன ரீச்சர், புதுசாப் பழகுறீங்களோ?"

"ஓம் அக்கா," என்றேன்.

அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு நாலு மாதம் எடுத்தது. சொன்ன பிறகு, வியப்பாக, கை கொஞ்சம் இறுக்கம் விட்டது. தெரியாதவளாக ஓடுவது இலேசு. பிழை விட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், மட்டை தொங்குகிறதே. வளைவில் காலை ஊன்றினேன். ஆடு ஒன்று வந்தது, நின்று போகவிட்டேன். எங்கிருந்தோ ஒரு கழுதை வந்து காணியின் நடுவில் நின்றபோது, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, வெளியூர்க்காரியைப் போல பிறேக் பிடித்தேன். அனுபவசாலியாக இருந்திருந்தால் வளைத்திருப்பேன்.

"அஞ்சு புள்ளி," என்றாள் மகள் மர நிழலில் இருந்து. "ஆனா எந்த நேரமும் பிறேக்கில கை வைச்சுக்கொண்டு ஓடாதேங்கோ. நாலு புள்ளி கழிக்கிறன்."

பதினொரு நாள் காணியில், பிறகு உள்ரோட்டில், பிறகு பாலம் தொடங்குமிடம் வரை. பாலத்தில் மட்டும் ஏறவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றேன். அவள் பெட்டி அடுக்கினாள், ஆனால் பூட்டவில்லை. அந்தப் பெட்டி திறந்தபடியே கட்டிலில் கிடந்தது.

போகிற நாளும் வந்தது. யாழ்ப்பாண பஸ்சும் அதே பாலத்தால்தான் போக வேண்டும். பஸ் ஸ்ராண்டில் பெட்டியை ஏற்றாமல் கீழே வைத்துக்கொண்டு மகள் நின்றாள். அவளின் அப்பா பக்கத்தில். பஸ் எடுக்கப் பத்து நிமிஷம்.

"நான் முன்னால போறன்," என்றேன். "பாலத்தடியில நிக்க மாட்டன். அந்தப் பக்கம் தள்ளாடிச் சந்தியில நிப்பன். நீ பஸ்சுக்குள்ள இருந்து பார். நான் பாலத்தில ஏறேல்லை எண்டா, உடனே இறங்கு."

"இறங்குவன்," என்றாள்.

நான் எடுத்தேன். பாலத்தின் வாயில் வந்ததும் சோளகம் வலப்பக்கத்தால் அடித்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். நிறுத்தினால் பின்னால் வரும் பஸ்சில் இருந்து மகள் இறங்கிவிடுவாள் என்ற ஒரே நினைப்பில் ஏறினேன். கண் திறந்திருந்தது. இவ்வளவு நாளும் மூடியபடி கடந்ததால் பாலம் இவ்வளவு நீளம் என்பதை மறந்துபோயிருந்தேன். பத்து ஜெபமணியும் சொல்லி முடிந்தது. பாலம் முடியவில்லை. இரண்டாவது பத்தைத் தொடங்கினேன்.

பாதியில் பின்னால் பெரிய ஹோர்ன். யாழ்ப்பாண பஸ். எதிரே வரிசையாக லொறிகள் வந்ததால் அதற்கு என்னை முந்த முடியவில்லை. நான் பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் போனேன். ஆகவே யாழ்ப்பாண பஸ்சும் பதினைந்தில் வந்தது. இரண்டாவது தரம் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றது. மகள் எழுந்து சாரதியிடம் போய், "அண்ணை, அடிக்காதேங்கோ, அது என்ர அம்மா, இப்பதான் பழகுறா," என்று கெஞ்சினாளாம். அதைக் கேட்டு முன் சீற்றில் இருந்தவர்கள் எழும்பிப் பார்க்க, பின் சீற்றில் இருந்தவர்களும் எழும்பி, முழு பஸ்சும் என்னைப் பார்த்துக்கொண்டு வந்ததாம். கொண்டக்டர், "அக்கா விடாதேங்கோ, விடாதேங்கோ," என்று மிதிபலகையில் நின்று கத்தியது எனக்கே கேட்டது. மன்னார்ப் பாலத்தில் இவ்வளவு மரியாதையோடு யாரும் ஊர்வலம் போயிருக்க மாட்டார்கள்.

தள்ளாடிச் சந்தியில் இடப்பக்கம் ஒதுங்கிக் காலை ஊன்றினேன். பஸ் பக்கத்தால் வந்தது. மகள் யன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டிருந்தாள்.

"அம்மா! பிறேக்கில இருந்து கையை எடுங்கோ!"

எடுத்து அசைக்கத்தான் நினைத்தேன். விரல்கள் கைபிடியை விட்டு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பஸ் வெள்ளாங்குளம் ரோட்டில் திரும்பி மறைந்தது. நான் இருந்த இடத்திலேயே இருந்து நன்றாக அழுதேன். பிள்ளை போய்விட்டாள் என்றும், நான் வந்துவிட்டேன் என்றும், இரண்டுக்கும் சேர்த்து.

அரை மணித்தியாலத்தில் போன் வந்தது.

"வீட்டை போயிட்டீங்களோ?"

"ஓம், போயிட்டன்," என்றேன். சந்தித் தேத்தண்ணிக் கடையில் இரண்டாவது பிளேன்ரீயோடு இருந்தேன். வீட்டுக்குப் போவதற்கும் அதே பாலத்தால்தான் போக வேண்டும் என்பது எனக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்திருந்தது. காற்று எப்போது தணியும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். பின்னேரம் இன்னும் கூடும் என்றார். குடித்த பிளேன்ரீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, ஹெல்மெற்றின் பட்டியை இறுக்கினேன்.